புள்ளியின் முகம்

மூன்றாம் பக்கத்தில் புள்ளியின் காது தெரிந்தது.

புதிய பதிப்புக்காக அச்சகத்திலிருந்து சரிபார்க்க வந்திருந்த புரூஃப் தாள்களை மேசைமேல் பரப்பி, ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் பென்சிலுமாக நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்த ஓவியக்காரி, மெதுவாக டீயைக் கீழே வைத்தாள். மழையில் நனைந்த கடைத்தெரு, மூடிய கடைகள், தேங்கிய தண்ணீரில் விளக்கின் மஞ்சள், நடுவே புள்ளிப் புள்ளி கவுனில் நடந்து போகிற குழந்தை. எல்லாம் அவள் வரைந்ததுதான். ஆனால் வலது பின்னலுக்குப் பக்கத்தில் துளிர் மாதிரி ஒரு காது எட்டிப் பார்த்தது. புள்ளிக்கு அவள் காது வரைந்ததே கிடையாது.

'புள்ளி வீட்டுக்குப் போகிறாள்' என்ற அந்தப் புத்தகம் குழந்தை இருக்கிற எந்த வீட்டிலும் கிடக்கும், பெரும்பாலும் அட்டையின் ஓரம் கடிபட்டு. பள்ளிக்கூடம் விட்டு மழையில் தனியாக வீட்டுக்குக் கிளம்பும் ஒரு சின்னப் பெண். ஒரு பக்க வார் அறுந்த பை. ஒன்று நீளம் ஒன்று குட்டையாக இரண்டு பின்னல். தெரு, பாலம், பூங்கா என்று பக்கத்துக்குப் பக்கம் நடந்து, கடைசிப் பக்கத்தில் ஒரு கதவின் முன்னால் நின்று தட்டுவதற்குக் கையைத் தூக்குவாள். அவ்வளவுதான் கதை. அத்தனை படத்திலும் அவள் நமக்கு முதுகைத்தான் காட்டுவாள். படிக்கிறவர்கள் அவள் பின்னாலேயே போகவேண்டும். அவள் முகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"புள்ளி எப்படி இருப்பா?" என்று கேட்டுக் குழந்தைகள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கதையை எழுதிய, ஓவியக்காரியின் அக்கா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் எழுதினாள்: 'அவள் முகம் உன் முகம் மாதிரியே இருக்கும், கண்ணு.'

பெரிய மனிதர்கள் அதைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினார்கள். அக்கா அவற்றைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். "உனக்கு மூஞ்சி வரைய வராதேன்னு பாவப்பட்டு நான் பண்ணின வேலைடி வாலு இது. இதுக்குள்ள போயி என்னென்ன கண்டுபிடிக்கிறாங்க பாரு."

உண்மைதான். தங்கைக்கு முகம் வராது. வீடு, மரம், மழை எல்லாம் கைக்கு வரும். முகம் மட்டும் கொழுக்கட்டை மாதிரி வந்து நிற்கும். ஆனாலும் ஒருநாள் ஆசைக்கு, வேண்டாத தாள் ஒன்றில் புள்ளியைத் திருப்பி வரைய ஆரம்பித்தாள். அக்கா பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. தாளை எடுத்து நான்காகக் கிழித்துவிட்டு, விளையாட்டாகச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அவ பாட்டுக்கு முன்னாடி போயிட்டே இருக்கட்டும்டி. திரும்பிப் பாத்தான்னா, நம்மதான் அவ வீடுன்னு நெனச்சுப்பா."

அக்கா போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட அந்த வீட்டில் கல்யாணம், காட்சி என்று எதுவும் இல்லாமல் இரண்டு பேரும் சேர்ந்தே நரைத்தவர்கள். அக்கா ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுதியதை வாசிப்பாள். தங்கை பின்னால் மேசையில் அமர்ந்து அந்த முதுகைப் பார்த்துப் பார்த்துப் புள்ளியை வரைவாள். தோள் கொஞ்சம் சரிந்திருப்பது, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, எல்லாமே அக்காதான். இப்போது கண்ணை மூடினால் அந்த முதுகு அப்படியே வருகிறது. முகம் வரவில்லை. அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. புகைப்படம் என்றாலே அக்கா ஓடி ஒளிந்துவிடுவாள்; புத்தக அட்டையில்கூட இரண்டு பேரும் முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள். அடையாள அட்டையில் இருப்பதோ யாரோ ஜெயிலிலிருந்து தப்பித்தவள் மாதிரி. கூடவே வாழ்ந்த ஒருத்தியின் முகத்தை எப்படித் தொலைக்க முடியும் என்று ஒவ்வொரு மாலையும் அந்தக் காலி நாற்காலியின் முதுகைப் பார்த்தபடி யோசிப்பாள்.

பதிப்பகத்தில் இந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் எடிட்டர் பெண்ணுக்கு ஃபோன் போட்டாள்.

"காதா? நாங்க எதுவும் கை வைக்கலயே மேடம். உங்க ஒரிஜினலை அப்படியே ஸ்கேன் பண்ணினதுதான்."

"எனக்குத் தெரியாதாம்மா நான் என்ன வரைஞ்சேன்னு?"

"சரி, பாக்க சொல்றேன். மேடம், அந்தக் கடைசிப் படம்..." எடிட்டர் குரலைத் தணித்துக்கொண்டாள். "புள்ளி திரும்பிப் பாக்கற மாதிரி. இந்தப் பதிப்புல அது வேணும்னு மேலிடத்துல ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. உங்களால முடியலன்னா வேற ஆர்ட்டிஸ்ட் கிட்ட குடுத்துடுவாங்க. நாளைக்குச் சொல்லிடுங்க மேடம். எனக்கும் வேற வழியில்ல."

வேறு யாரோ. அக்காவின் தோளை ஒருநாளும் பார்த்திராத யாரோ ஒருவர், கம்ப்யூட்டரில், பெரிய கண்ணும் குழி விழுந்த கன்னமுமாக ஒரு பொம்மை மூஞ்சியை ஒட்டிவிடுவார்கள். ஃபோனை வைத்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கம்பியில் விழும் ஒவ்வொரு துளிக்கும் டிங் என்று ஒரு சின்ன ஓசை. நனைந்த புழுதியின் மணம் அறைக்குள் வந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

கீழ்வீட்டு அம்மாள்தான். கை நிறையத் துணி. "மழையைக்கூட பாக்காம அப்படி என்னதான் வரையறீங்களோ. இந்தாங்க, காஞ்ச வரைக்கும் எடுத்துட்டு வந்தேன்."

"மறந்தே போச்சுங்க."

"அதில்ல, கேக்கணும்னு நெனச்சேன். உங்க வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா? மாடிப்படியில ஒரு பாப்பா உக்காந்திருக்கு. நேத்தும் இருந்துது. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. ஈரத் தலையோட முதுகைக் காட்டிட்டு உம்முனு உக்காந்திருக்கு."

ஓவியக்காரி அவளைத் தாண்டிப் படிகளை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. மூன்றாவது படியில் மட்டும் சின்னதாக, வட்டமாக, ஈரம்.

கதவைச் சாத்தி, தாழ் போட்டாள். மேசையடி இழுப்பறையைத் திறந்து, அக்காவின் பழைய பருத்திப் புடவையில் சுற்றி வைத்திருந்த அசல் ஓவியங்களை எடுத்தாள். புடவையில் அக்காவின் பவுடர் வாசனை இன்னும் மிச்சமிருந்தது. அதோடு இன்னொரு வாசனையும். மழையில் நனைந்த பள்ளிக்கூடப் பையின் புளித்த வாசனை.

அசலிலும் காது இருந்தது. அவளுடைய பேனாவின் கோடு. அவளுக்கே உரிய, முடியுமிடத்தில் லேசாக அழுத்துகிற கோடு. பாலத்தின் மேல் போகிற படத்தில் காதோடு தாடையின் ஓரமும் தெரிந்தது. பூங்கா படத்தில் கன்னம். ஒவ்வொரு பக்கமாக அவள் புரட்டப் புரட்டக் குழந்தை ஒவ்வொரு இழையாகத் திரும்பிக்கொண்டே வந்தது, பின்னால் யாரோ வரும் சத்தத்தைக் கேட்டுவிட்ட மாதிரி.

கடைசிப் படத்தில் கதவின் முன்னால் நின்ற புள்ளி மட்டும் பழையபடியே முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் தட்டுவதற்குத் தூக்கிய கை கீழே இறங்கியிருந்தது.

பயந்தால், ஓவியர்கள் எதைச் செய்து பழகியிருக்கிறார்களோ அதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது. படத்தில் ஏதோ தப்பு என்று தோன்றி, என்ன தப்பு என்று பிடிபடாவிட்டால் தாளைக் கவிழ்த்து வெளிச்சத்தின் மேல் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். இடம் வலம் மாறித் தெரியும்போது கோணல் தானாகக் கண்ணில் படும். கண்ணாடி மூடிக்குள் விளக்கு எரியும் லைட் பாக்ஸைப் போட்டாள். விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு, மெல்லிய ரீங்காரத்தோடு வெள்ளையாகப் பற்றிக்கொண்டது. கடைசிப் படத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தாள்.

முதுகைக் காட்டி நிற்கும் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முதுகுதான் தெரியவேண்டும்.

தாளின் நரம்புகளுக்கு அடியில், வெளிச்சத்தில் மங்கலாக, ஒரு முகத்தின் வட்டம் தெரிந்தது. இரண்டு பின்னலும் முன்பக்கமாகத் தோளில் விழுந்திருந்தன.

விளக்கை அணைத்திருக்கவேண்டும். அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் அந்தத் தாடை. கீழே சற்றுக் குறுகி, நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தோடு. அக்காவின் தாடை. ஒரு வருடமாகத் தேடித் தேடிக் கிடைக்காத முகம், இதோ, தாளுக்கு அந்தப் பக்கம். பார்த்து எழுதுகிற பிள்ளை மாதிரி கோட்டின் மேல் கோடு போட்டால் போதும். அவள் மேசையிலிருந்த பென்சில் ஒன்றை எடுத்தாள். இன்னொன்று எப்போதும் போல அவள் கொண்டையில் செருகியிருந்தது.

"கொஞ்ச நேரம் ஆடாம இரு அக்கா," என்று அவள் காலி நாற்காலியிடம் சொன்னாள். பழக்க தோஷம்.

தாடையை வரைந்தாள். உதட்டை வரைந்தாள், ஓரத்தில் லேசாகக் கீழே இறங்குகிற உதடு. பென்சில் தாளில் உரசும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. மழைகூட எங்கோ தள்ளி நின்றுகொண்டது. மூக்கு. அக்கா தூங்கும்போது அந்த மூக்கின் நுனியை எத்தனை முறை பார்த்திருப்பாள். அவள் கண் கலங்கியது. வாழ்நாளில் முதல்முறையாகக் கொழுக்கட்டையாக வராத ஒரு முகம், கைக்கு அடியில் மூச்சு விடுவது போல எழுந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே மாலை அணைந்து கண்ணாடி கறுத்ததை அவள் கவனிக்கவில்லை. அறை குளிர்ந்ததையும் கவனிக்கவில்லை.

கண்கள். இமைகள். கடைசியாகப் புருவம்.

புருவத்தின் நடுவே கோடு அறுந்தது. திரும்பவும் போட்டாள். அதே இடத்தில் அறுந்தது. அங்கே ஒரு வெட்டு இருந்தது. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து, தையல் போட்டு, அதற்கப்புறம் முடியே முளைக்காத வெட்டு.

விழுந்தது அக்கா இல்லை.

பென்சில் நின்றது. அக்காவின் தாடைதான் தங்கைக்கும். அதே உதடு. அதே மூக்கு. பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள்.

தாளிலிருந்து அவளுடைய சொந்த முகமே அவளைப் பார்த்தது. குழந்தையின் கழுத்தின் மேல், பின்னல்களுக்கு நடுவில், சுருக்கங்களோடு.

தாளைப் புரட்டினாள். கதவு இருந்தது. மழை இருந்தது. கதவின் முன்னால் யாரும் இல்லை. அவசரமாக மறுபடி கவிழ்த்தாள். அந்தப் பக்கமும் இப்போது வெறும் வெள்ளை. அவள் வரைந்த ஒரு கோடுகூட இல்லை.

கீழே வாசல் கேட் கிறீச்சிட்டது. கீழ்வீட்டு அம்மாளின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது, வாஞ்சையாக.

"அடடே, இப்பத்தான் திரும்பிப் பாக்கணும்னு தோணுச்சா? யாரு கண்ணு நீ... அந்த அம்மா மூஞ்சியை அப்படியே உரிச்சு வெச்சிருக்கியே. போ, போ. மேலதான் இருக்காங்க. பாவம், தனியா."

படியில் ஈரச் செருப்பின் சத்தம். சளக். சளக்.

ஓவியக்காரி கத்த நினைத்தாள். குரல் வரவில்லை. வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள். விரலுக்கு வாய் தட்டுப்படவில்லை. முடி தட்டுப்பட்டது. இன்னும் மேலே தடவினாள். முடி. இறுக முடிந்த கொண்டை. அதில் செருகிய பென்சில்.

எழுந்தாள். அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கறுத்த ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாள்.

அறை முழுக்க அதில் தெரிந்தது. மேசை. எரியும் லைட் பாக்ஸ். தாழிட்ட கதவு. நடுவில், கண்ணாடியைப் பார்த்து நிற்கிற அவள். கொஞ்சம் சரிந்த தோள். ஒரு பக்கம் சாய்ந்த கழுத்து. முதுகு.

சளக்.

வாசலில் சத்தம் நின்றது. தட்டவில்லை. கண்ணாடிக்குள், அவள் கையாலேயே போட்ட தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விலகியது. கதவு திறந்தது. புள்ளிப் புள்ளி கவுனின் நுனியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. புருவத்தில் வெட்டு விழுந்த அந்த வயதான முகம், வெகுதூரம் நடந்து கடைசியில் வீடு வந்து சேர்ந்தவர்கள் சிரிப்பதைப் போலச் சிரித்தது.

அறுந்த வார்ப் பையைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு, குழந்தை திரும்பி, எம்பி, உள்ளேயிருந்து தாழைப் போட்டது.