வாடை இல்லாத கிணறு

கிணற்றிலிருந்து இழுத்த பானையைச் சுகாதார ஆய்வாளர் அப்துல் நாசர் மூக்கருகே கொண்டுபோனார். வாடையே இல்லை.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே இருந்த அந்தத் தெருவில், புதன்கிழமை விடிந்தபோது சீனிவாசலு இறந்துகிடந்தார். மில்லில் ஓய்வு பெற்ற தனிக்கட்டை. வாந்தி, வயிற்றுப்போக்கு. இன்னும் நான்கு பேர் ஆஸ்பத்திரியில்.

எல்லோருக்கும் அந்த ஒரே கிணறுதான். அதற்குள் எப்போதும் ஒரு மண்பானை தொங்கும். அடியில் சிறு துளைகள். உள்ளே மணலும் பிளீச்சிங் பவுடரும். மருந்து மெல்லக் கசிந்து தண்ணீரைச் சுத்தமாக்கும். ஞாயிறுதோறும் ஒரு வீட்டுக்காரர் முறைவைத்து நிரப்புவார். தெருவே கூடி எடுத்த முடிவு அது.

இந்த வாரம் செங்கோட்டையன் முறை.

"பவுடரை வித்துத் தின்னுபோட்டு சுண்ணாம்பைப் போட்டு வெச்சிருக்கறானுங்க!" கமிட்டித் தலைவர் குமாரசாமி கத்தினார். "போலீசுக்குச் சொல்லியாச்சு. ஜீப்புல ஏத்திட்டுப் போகட்டும்."

செங்கோட்டையன் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கெழம விடியால என்ர கையால நிரப்பித் தொங்கவிட்டுப்போட்டுத்தான் ஷிப்டுக்குப் போனனுங்க. என்ர சம்சாரமும் ஆஸ்பத்திரில கெடக்கறாளுங்க. அவளுக்கு நானே வெஷம் வெப்பனுங்களா?"

"மீதிப் பவுடர் எங்கீங்க?" என்றார் நாசர்.

"ஊட்ல இருக்குதுங்க."

மூட்டையைப் பிரித்ததும் கண் எரிந்தது. சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கலக்கி, சோதனைக் குழாயில் ஊற்றி, குளோரினைக் காட்டும் சொட்டு மருந்தை விட்டார். மஞ்சள் பளிச்சென்று எழுந்தது. மருந்து நல்ல மருந்து.

பானையில் இருந்த வெள்ளைத் தூளுக்கும் அதே சோதனை. நிறம் மாறவில்லை. விரலிடையே தேய்த்துப் பார்த்தார். நறநறவென்றது.

"இது சுண்ணாம்பில்லீங்க. வாசல்ல போடற கோலமாவு."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். "அப்ப ஊட்டுக்கு ஊடு குத்தவாளிதானுங்க!"

உண்மைதான். கோலமாவு இல்லாத வீடு ஏது?

ஜீப் வரும்வரை குமாரசாமி நாசரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். கொல்லைப்புறத்தில் கை கழுவும்போது நாசர் சாக்கடையோரம் பார்த்தார். கறிவேப்பிலைக் கன்று ஒன்று வெளுத்துக் கருகி நின்றது.

குமாரசாமியின் மனைவி சாந்தாமணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"காய்ச்சுனதுங்களா?"

"ஆமாங்க," என்றார் குமாரசாமி. "திங்கக்கெழம மழை வந்துச்சில்லீங்க, அன்னைலேர்ந்து அம்மணி காய்ச்சித்தான் குடுக்கறா. சீனிவாசலுதான் கேக்க மாட்டாரு. பானை யோசனையே அவருதுதானுங்க. ஊடூடாப் போயி எங்களைச் சம்மதிக்க வெச்சாரு. பானை இருக்கறப்ப எதுக்குக் காய்ச்சறதும்பாரு. பச்சத்தண்ணிதான் குடிப்பாரு."

"உங்க பாப்பாவுக்கு மாப்ள பாக்கறீங்கன்னு தெருவுல சொன்னாங்களே?" என்றார் நாசர்.

குமாரசாமி மலர்ந்தார். "முடிஞ்ச மாதிரிங்க! ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்தாங்க. கோயமுத்தூர்க்காரங்க. வந்ததும் சொம்புத் தண்ணி குடுத்தமுங்க. குடிச்சுப்போட்டு, சிறுவாணித் தண்ணியாட்டவே இருக்குதுன்னாங்க!"

"எந்தத் தண்ணிங்க?"

"அப்பச் சேந்துன நம்ம கெணத்துத் தண்ணிதானுங்க. எதுக்குங்க கேக்கறீங்க?"

நாசர் டம்ளரைக் கீழே வைத்தார். கதவோரம் நின்ற சாந்தாமணியைப் பார்த்தார்.

"பானைய மாத்துன அன்னைக்குத்தான் வாடை மூக்கைத் துளைக்கும். ஞாயித்துக்கெழம விடியால செங்கோட்டையன் நிரப்பித் தொங்கவிட்டாரு. மத்தியானமே அது சிறுவாணியாட்ட இருந்துதுன்னா, நடுவுல யாரோ மருந்தை எடுத்துட்டாங்க. தண்ணி வாடையில்லாம இருக்கோணும்ங்கற அவசரம் அன்னைக்கு எந்த ஊட்டுக்கு? மணலோட பவுடரையும் எடுத்துச் சாக்கடைல கொட்டுனீங்க. கறிவேப்பிலை கருகிப்போச்சு. வெறும் பானை ஆடுனாத் தெரிஞ்சிருமுன்னு கோலமாவை நிரப்புனீங்க. இல்லீங்களா, அம்மணி?"

"ஏனுங்க, என்ன பேசறீங்க?" குமாரசாமி எழுந்தார். "இவளா?"

சாந்தாமணி சுவரோரம் உட்கார்ந்தார்.

"போன தடவ வந்தவங்க," என்றார் தரையைப் பார்த்தபடி, "தண்ணிய வாயில வெச்சுப்போட்டு முகஞ்சுளிச்சாங்க. காபியத் தொடவே இல்ல. அப்பறம் பதிலே வரலீங்க. இந்தத் தடவையாவது... ஒரு நாளைக்குன்னுதான் எடுத்தனுங்க."

"அப்பறம் ஏனுங்க திருப்பிப் போடல?"

"மூட்டை செங்கோட்டையன் ஊட்ல. கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. அடுத்த ஞாயித்துக்கெழம எப்படியும் நிரப்புவாங்கன்னு உட்டுட்டனுங்க."

"மழை வந்து சாக்கடை கெணத்துல எறங்கியிருக்குமுன்னு உங்களுக்குத் தோணியிருக்குது. அதான் உங்க ஊட்ல மட்டும் காய்ச்சுனீங்க. தெருவுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வாய் வரைக்கும் வந்துதுங்க. செவ்வாக்கெழம சீனிவாசலு அண்ணன் கொடத்தோட இந்த வாசலைத் தாண்டித்தான் போனாரு. பாப்பா கல்யாணம் முடிஞ்சுதான்னு கேட்டாரு. முடிஞ்சமாதிரிங்கண்ணான்னேன். கொடத்தைப் பாத்துட்டே நின்னேனுங்க."

குமாரசாமி அப்படியே நாற்காலியில் அமர்ந்தார். வெளியே ஜீப் சத்தம்.

"நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுங்களா?" என்றார் நாசர்.

சாந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். தெருவின் முன்னால் நின்று, சப் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். செங்கோட்டையன் பானையிலிருந்த கோலமாவைக் கொட்டினார். மூட்டையை எடுத்துவந்து பானையை நிரப்பிக் கிணற்றில் இறக்கினார்.

சாயந்திரம் பெருந்துறையிலிருந்து சீனிவாசலுவின் தங்கை வெங்கடலட்சுமி வந்து சேர்ந்தார். அழுது ஓய்ந்த அவரிடம் ஒரு கை சொம்பை நீட்டியது. ஸ்டேஷனுக்குப் போகுமுன் அவருக்குத் தண்ணீர் கொடுக்க மட்டும் அனுமதி கேட்டு வாங்கியிருந்தார் சாந்தாமணி. காய்ச்சி ஆறிய தண்ணீரில்கூட மருந்து வாடை தூக்கியடித்தது.

வெங்கடலட்சுமி முகம் சுளிக்கவில்லை. முழுதும் குடித்தார்.

"அண்ணன் லெட்டர்லகூட எழுதுவாருங்க, எங்க தெருத் தண்ணி நாறும், ஆனா நம்பிக் குடிக்கலாமுன்னு." சொம்பைத் திருப்பிக் கொடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாருங்க அம்மணி? அண்ணனுக்குப் பக்கத்து ஊடுங்களா?"

சாந்தாமணி வெறும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.