சூரியனை விற்ற வீடு

"ஐயோ... தம்பீ!"

அந்த அலறலில் விடிந்தும் விடியாத தெரு விழித்துக்கொண்டது.

மின்கம்பத்தின் உச்சியில், இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான் லைன்மேன். விரல்கள் கருகியிருந்தன. உயிர் இல்லை!

கீழே மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள் அவனுடைய அக்கா. பக்கத்தில் அவள் புருஷன். மொட்டை மாடி முழுக்க சோலார் தகடு, மாடிப்படிக்கு அடியில் பீரோ சைஸில் பேட்டரி. தெரு அவருக்கு வைத்த பெயர் 'யூனிட் மாமா'. வடிகட்டின கஞ்சன்!

இன்ஸ்பெக்டர் மின் நிலைய இன்ஜினீயரை முறைத்தார்.

"லைனை ஆஃப் பண்ணிட்டுத்தானே ஆளை ஏத்தினீங்க? அப்புறம் எமன் எந்த வழியா வந்தான்?"

"நானே ஆஃப் பண்ணேன் சார்! கரண்ட் வந்தா இந்த வீட்டு பேட்டரியிலேர்ந்துதான் வந்திருக்கணும். தெருவுல கரண்ட் போனா பேட்டரி தானா துண்டிச்சுக்கணும். அதான் ரூல். அப்படித் துண்டிக்கற சுவிட்சை இந்தாள் கழட்டி எறிஞ்சிருப்பார்!"

"நாக்கை அடக்கிப் பேசுய்யா!" யூனிட் மாமா சீறினார். "சாயங்காலம் யூனிட் விலையை மூணு மடங்கு ஏத்தறவன் நீ! அந்தக் கொள்ளைக்குப் பயந்துதான் பேட்டரியே வாங்கினேன். படுக்கறதுக்குள்ள சொட்டு விடாம தீர்த்துடுவேன். விடியறப்போ அதுல என்ன இருக்கும்... காத்தா?"

"நெசம்தான் சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "காலையில இருட்டுலதான் பல்லே விளக்குவாரு!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"அப்போ லைனை மறுபடி ஆன் பண்ணது நீங்கதான் இன்ஜினீயர் சார்!"

இன்ஜினீயருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஐயோ, அவனை நான் ஏன் சார் கொல்லணும்? நேத்துதான் எங்கிட்ட புலம்பினான். மாமா திருட்டுத்தனமா கம்பி இழுத்து, பேட்டரி கரண்ட்டைப் பக்கத்து வீடுகளுக்குப் பாதி விலைக்கு விக்கிறாராம். நாங்க மட்டும்தான் விக்கலாம்னு சட்டம். இன்னிக்குள்ள அவர் நிறுத்தலேன்னா புகார் குடுக்கறேன்னான். குடுத்திருந்தா தகடு, பேட்டரி எல்லாம் பறிமுதல்!"

பக்கத்து வீட்டுக்காரர் நைசாக நழுவினார்.

"அபாண்டம்!" அக்கா ஆவேசமாக எழுந்தாள். "இவரைப் போயா சந்தேகப்படறீங்க? தம்பி மேல உசிரு சார் இவருக்கு! நேத்து அவன் சாப்பிட வந்தான். 'காலையில உங்க வாசல் கம்பத்துலதான் வேலை'ன்னான். உடனே இவர் ஏசி போட்டார் சார்! அதுவும் வெளிக் கரண்ட்ல... விலை ஏறின நேரத்துல! 'காசு போனா போகுது, பேட்டரியை மட்டும் தொடாதே'ன்னார். கல்யாணம் ஆனதிலேர்ந்து இப்படி ஒரு தாராளத்தை நான்..."

சட்டென்று நிறுத்தினாள்.

"வாயை மூடுடி!" யூனிட் மாமாவின் குரல் பிசிறடித்தது.

அவள் மூடவில்லை. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"காலையில நீங்கதானே 'வீட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டேன், ஏறு மச்சான்'னு குரல் குடுத்தீங்க? உங்களை நம்பித்தானேய்யா ஏறினான்... பாவி!"

யூனிட் மாமா தலை குனிந்தார்.

"கஞ்சன் காசை அள்ளி வீசினா அது பாசம் இல்லம்மா..." இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "கொலைக்குப் போட்ட முதல்!"

விலங்கு பூட்டியது.

"நடங்க சார்! நம்ம லாக்கப்ல லைட்டு, ஃபேனு எல்லாமே ஃப்ரீ... சாயங்காலம்கூட!"