மூட்டில் வெட்டுகிறவன்

குல்பாஷ் அத்தையின் வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. தோஸ்போல் எடுக்கும் கல்யாண வீடியோக்களில் யாருடைய கை எங்கே முடியும், யாருடைய கால் எங்கே காணாமல் போகும் என்பதைத் தராஸ் நகரத்து ஜனங்கள் பத்து வருடமாகப் பொறுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆச்சரியம் வேறு. ஃபிரேமின் விளிம்பில், கை வெட்டுப்பட்ட அந்த இடத்தில், ஆறி உறைந்த ஆட்டுக்கொழுப்பு போல வெள்ளையாக ஒரு கோடு மினுங்கியது. எடிட் செய்துகொண்டிருந்த தோஸ்போல் திரையில் அழுக்கு என்று நினைத்துச் சட்டைக்கையால் துடைத்தான். போகவில்லை. அத்தை இடது கையில் மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்திக்கொண்டிருந்தாள். அவள் வலது கையை ஆட்டியபோது கோடும் கூடவே ஆடியது.

மதியம் இரண்டு மணிதான். ஆனாலும் ஊரே கரி அடுப்பு எரிக்கிற காலம் என்பதால் ஜன்னலுக்கு வெளியே புகை சாம்பல் நிறப் போர்வையாகத் தொங்கியது. சூடேற்றும் குழாய் டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டிருந்தது. சமையலறையில் அவன் மனைவி நாஸ்கென் மாவு உருண்டைகளை எண்ணெயில் போடும் ஓசையும், பவுர்சாக் பொரியும் இனிப்பு வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தன.

தோஸ்போலின் அப்பன் விருந்துகளில் இறைச்சி பிரிக்கிறவர். எலும்பை உடைக்க மாட்டார். கத்தி முனையால் மூட்டைத் தேடி, ஒரு திருகு திருகினால் தொடை தனி, முழங்கால் தனி. மகனுக்கு அந்தக் கண் அப்படியே வந்துவிட்டது, வேறு வேலைக்கு. அல்மாத்தியில் கேமரா படிக்கப் போனபோது வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், மூட்டுல ஃபிரேமை வெட்டாதடா! தொடையில வெட்டு, நெஞ்சுல வெட்டு. பார்க்கிறவன் மிச்சத்தை மனசுல சேர்த்துக்குவான். மூட்டுல வெட்டினா மிச்சம் இல்லவே இல்லைன்னு ஆயிடும்." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். திரும்பி வந்து மூட்டிலேயே வெட்டினான்.

கதவு திறந்தது. இரண்டாம் மாடி உல்ஜான் அக்காவுக்குத் தட்டுகிற பழக்கம் கிடையாது.

"தம்பி, விஷயம் தெரியுமா? உன் பொண்டாட்டியோட அத்தை, குல்பாஷ், ஆஸ்பத்திரியில கிடக்கா."

"என்னாச்சு?"

"காலைல மாவு பிசைஞ்சிட்டு இருந்தாளாம். கையை எடுத்தாளாம். கை மாவுலயே இருந்துருச்சாம்."

தோஸ்போல் சிரித்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை. அதுதான் அவனை உறுத்தியது. அவள் சிரிக்காமல் ஒரு செய்தி சொல்லி அவன் கேட்டதில்லை.

"ரத்தம் ஒரு சொட்டு இல்லையாம். வலியும் இல்லையாம். கத்தி பழகினவன் பிரிச்ச மாதிரி சுத்தமா இருக்குன்னு டாக்டரே சொன்னாராம். அப்புறம் அந்தத் தெமிர்கான், கல்யாணத்துல நாற்காலி மேல ஏறி ஆடினானே, பஸ்ஸை விட்டு இறங்கினானாம். முழங்காலுக்குக் கீழ பஸ்ஸோடயே போயிருச்சாம்." இப்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. "பாவம்தான். ஆனா டிக்கெட் எடுத்தது ரெண்டு காலுக்கும்தானே! நாஸ்கென்கிட்ட நீயே பக்குவமா சொல்லு. அழுதா எனக்குத் தாங்காது." அடுத்த மாடிக்குச் சொல்லப் போய்விட்டாள்.

தோஸ்போல் தெமிர்கானைத் தேடி எடுத்தான். நாற்காலி மேல் ஆட்டம். முழங்காலில் முடிந்த கால். விளிம்பில் வெள்ளைக் கோடு.

அந்தக் கல்யாணம் கண்முன் வந்தது. நாஸ்கெனின் சித்தப்பா மகளுடையது. இறைச்சித் தட்டு வந்துவிட்டது, பிரிக்க வேண்டிய அவன் அப்பனுக்குக் காய்ச்சல். "நீ அவர் மகன்தானேடா, பிரி" என்று கத்தியைக் கையில் திணித்தார்கள். பிரித்தான். கை தானாகவே மூட்டைக் கண்டுபிடித்தது. சாப்பிட்டு முடிந்ததும் பெரியவர் ஆசி சொல்ல, எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிய பிறகுதான் எழ வேண்டும். அதுவரை பிரித்தவன் வெட்டு நிற்காது என்பார் அப்பன். ஆனால் மண்டபத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நாற்பது மேசை. ஒரு உறவு படத்தில் விடுபட்டாலும் ஆயுளுக்கும் மனத்தாங்கல். அவன் ஆசிக்குக் காத்திருக்கவில்லை. கொழுப்பு பிசுபிசுத்த விரல்களைக் கால்சட்டையில் துடைத்தபடி எழுந்தான். கேமராவை எடுத்தான்.

அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் இவைதான்.

முழங்கையோடு ஒரு சித்தி. கணுக்காலோடு மணப்பெண்ணின் தோழி. தோளோடு தபால்காரர். எல்லாவற்றிலும் கோடு. ஒவ்வொன்றாக ஓட்டினான். ஓட்ட ஓட்ட, வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அதை நினைக்காமலிருக்க இன்னும் வேகமாக ஓட்டினான்.

குழந்தைகள் ஆட்டம்.

அக்பொதா. அவன் மகள், ஏழு வயது, மஞ்சள் கவுன்.

லாங் ஷாட். தலையிலிருந்து ஷூ வரை முழுதாக இருந்தாள். மூச்சு வந்தது. பிறகு ஜூம் தொடங்கியது. அவனுடைய ஜூம்தான், பாசத்தில் செய்தது. புதிதாக விழுந்த முன்பல்லின் ஓட்டை தெரிய அவள் சிரித்தாளே, அதற்காக. முழங்கால் கடந்தது. இடுப்பு கடந்தது. நெஞ்சு. ஃபிரேம் மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

எங்கே நிறுத்தினான்? நினைவில்லை.

முழுக்கப் பார்க்கத் தைரியம் வரவில்லை. விரல் பட்டனைத் தட்டியது. நெஞ்சில் நிறுத்தினான். வாத்தியார் சொன்ன இடம். பாதுகாப்பான இடம். அங்கேயே துண்டாக்கி, மிச்சத்தை அழித்தான். குப்பையையும் காலி செய்தான். இரண்டு முறை.

விளிம்பில் கோடு இல்லை. வெறும் மஞ்சள் கவுன்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. "நாஸ்கென்! பாப்பா இன்னும் வரலையா?"

"வர்ற நேரம்தான்." கையில் மாவோடு வாசலில் நின்றாள். "ஏன் இப்படி வேர்த்திருக்க?"

"ஒண்ணுமில்ல. கல்யாணத்துல எடுத்ததைக் கொஞ்சம் வெட்டினேன்."

"பாப்பா ஆடினதையா? நல்லவேளை, நான் நேத்தே எடுத்துட்டேன்."

"எதை?"

"கடைசில ஜூம் போய் நிக்குமே, அதை. ஒரு போட்டோவா எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டேன். உன் வாழ்க்கையிலேயே நீ உருப்படியா எடுத்த ஒரே குளோசப் அதான் தோஸ்போல். பாரு, எல்லாரும் இதயமா போட்டிருக்காங்க."

போனை நீட்டினாள்.

முகம். முகம் மட்டும். ஓட்டைப் பல், சிவந்த கன்னம், மோவாய். மோவாய்க்குக் கீழே ஒரு விரலளவு கழுத்து. அங்கே முடிந்தது. அந்த விளிம்பில், மெல்லிசாக, வெள்ளையாக.

"அழி."

"ஏன்?"

"அழி! எல்லார்கிட்டயும் அழிக்கச் சொல்லு!"

"நூத்திமுப்பது பேர். ஏற்கெனவே ஆளாளுக்கு அனுப்பிட்டாங்க. பைத்தியமா உனக்கு?"

எண்ணெய் கருகும் வாசனை வர, அவள் உள்ளே ஓடினாள்.

படிக்கட்டில் காலடி.

அக்பொதா எப்போதும் இரண்டிரண்டு படியாகத் தாவி வருவாள். கட்டடமே அதிரும். இன்று ஒரு படி. நின்றது. இன்னொரு படி. நின்றது.

அவன் கதவைத் திறந்தான்.

புகை கலந்த வெளிச்சத்தில் மகள் ஏறி வந்துகொண்டிருந்தாள். பள்ளிப்பை முதுகில். கையுறை போட்ட இரண்டு உள்ளங்கைகளும் தாடையின் கீழே, காதோரமாக. விளிம்பு வரை நிரம்பிய தேநீர்க் கிண்ணத்தைச் சிந்தாமல் தூக்கி வருகிறவள் போல, அவ்வளவு ஜாக்கிரதையாக வந்தாள்.

"அப்பா."

அவன் கதவைவிட்டு வெளியே வந்தான்.

"பஸ்ல ஒரு குலுக்கல் குலுக்குச்சு. அதுல இருந்து இப்படித்தான் பிடிச்சிட்டு வர்றேன். வலிக்கவே இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "டீச்சர்கிட்டயும் சொல்லல. திட்டுவாங்க."

"வேண்டாம். பேசாத. அசையாத."

"கை வலிக்குதுப்பா. நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

மண்டியிட்டான். இரு கன்னங்களிலும் கை வைத்தான். குளிர். காதை மூடாமல், கழுத்தை அழுத்தாமல், விரல்கள் தாமாகவே சரியான இடத்தைக் கண்டுகொண்டன.

"பிடிச்சீங்களா?"

"ம்."

அவள் கையை எடுத்தாள்.

உள்ளேயிருந்து நாஸ்கென் கூப்பிட்டாள்: "பாப்பா வந்துட்டாளா? பவுர்சாக் சூடா இருக்கு, ஓடி வா!"

மகளின் தலை தன் எடை முழுவதையும் அவன் உள்ளங்கைகளில் இறக்கி வைத்தது. ஓட்டைப் பல் தெரிய அவனைப் பார்த்துச் சிரித்தது. கீழே, பனி ஒட்டிய இரண்டு சின்ன பூட்ஸ்கள் சமையலறைப் பக்கம் திரும்பி ஓடின.