தரையை மட்டும் காட்டும் விளக்கு

சைக்கிள் கடைக்குள் கால் வைத்ததுமே அவள் வாயைத் திறந்துவிட்டாள். திறந்த வாய் எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் தெருவில் எல்லோரும் அவளை வாயாடி என்று கூப்பிட்டார்கள், பெற்ற அப்பா உட்பட.

“அண்ணா, இருக்கறதுலயே பெரிய லைட்டா எடுங்க. எதிர்ல வர்றவன் லாரின்னு நினைச்சு ஓடிடணும்.”

கடைக்காரர் சிரித்தார். அவளுக்குப் பின்னால் நின்ற அப்பா சிரிக்கவில்லை. அந்த முகத்தில் எதையும் எதிர்பார்க்காமலிருக்க எல்லோரும் பழகிவிட்டார்கள்.

அவர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். போன மழைக்காலத்தில் அவர் மனைவி, வேலை முடிந்து கால்வாய்க் கரைப் பாதையில் சைக்கிளில் திரும்பும்போது சறுக்கித் தண்ணீரில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து மனிதர் பேயறைந்த மாதிரி இருக்கிறார் என்று சலவைக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், பாவம். எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

அன்று மனைவியைத் தேடப் போனவர்கள் எல்லோரும் தண்ணீரில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் சைக்கிள் விளக்கைத் தூக்கிக் கரையில் அடித்தார். அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தை நேராக அவர் பக்கம் திருப்பினாள்.

அதே நேரத்தில், கொஞ்சம் தள்ளி மதகுக்குப் பக்கத்தில், அவள் உடலை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த முகத்தைப் பார்த்த நிமிடத்திலிருந்து அவருக்கு எதுவும் இல்லை. அழுகை இல்லை, கோபம் இல்லை, பசிகூடச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மகள் ஒரு நாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்துப் போட்டாள். மனிதர் மறு பேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கு அதுவும் தெரியவில்லை. வீட்டில் உயிர் இருந்தது என்றால் அது அவள் வாயில்தான் இருந்தது.

இப்போது அவளுக்கு ரொட்டி ஃபாக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. நாளையிலிருந்து போக வேண்டும். பொழுது சீக்கிரம் சாயும் மாதங்கள். வேலை விட்டால் இருட்டு. பஸ் கிடையாது. பெரிய ரோட்டில் லாரிகள் பிசாசு வேகத்தில் போகும். மிச்சம் இருப்பது கரைப் பாதைதான்.

“நான் கூட்டிட்டு வர வரட்டுமா?” என்று அவர் வீட்டிலேயே கேட்டுப் பார்த்திருந்தார்.

“அப்பா, மானத்தை வாங்காதீங்க. நான் என்ன கைக்குழந்தையா?” என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மல்லுக்கட்டி மறுத்துப் பேசும் அளவுக்கு அவருக்குள் எதுவும் எழவில்லை. ஆனால் இவளும் தன்னைப்போல் ஆகிவிடக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. பயம் என்று அதைச் சொல்ல முடியாது. பயம் இருந்த இடத்தில் ஒரு தகவல் இருந்தது, அவ்வளவுதான்.

“எந்த வழியா போவீங்க?” கடைக்காரர் கேட்டார்.

“கரைப் பாதை.”

பெரிய விளக்கை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. அவர் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்தார்.

“இதா? இது என்ன, பொம்மைக்குப் போடுற லைட்டு மாதிரி இருக்கு. எனக்கு அதோ, அந்தத் தலையில மாட்டுறது வேணும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் தெரியும்ல?”

“அது வேண்டாம்,” என்றார் அப்பா.

கடைக்காரரும் அதையே சொன்னார். கடையின் விளக்கை அணைத்தார். முதலில் பெரிய விளக்கைப் போட்டுக் காட்டினார். சுவர், கூரை, தொங்கும் டயர்கள், வாயாடியின் முகம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அதை அணைத்துவிட்டுச் சின்னதைப் போட்டார். வெளிச்சம் முழங்கால் உயரத்தில் கத்தியால் வெட்டியது போல நின்றது. கீழே தரையும் அவள் செருப்புகளும் துல்லியமாகத் தெரிந்தன. மேலே ஒன்றுமே இல்லை.

“அட, என்னையே காணோம்!” இருட்டுக்குள்ளிருந்து அவள் சிரிப்பு மட்டும் வந்தது.

அந்தச் செருப்புகளையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

“கரைப் பாதைக்காரங்க இதத்தான் வாங்குவாங்க,” என்றார் கடைக்காரர். “எதிர்ல வர்றவங்க கண்ணு கூசாது.”

அவள் வெளியே போய்ப் புது மணிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கத் தொடங்கினாள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“போன மாசம் என் தம்பி கரைப் பாதையில லைட்டை மேல தூக்கிட்டான்.”

“யாரைப் பாத்தாராம்?”

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் விளக்கைத் துணியால் துடைத்தார். “பேரு சொல்லல. நல்லாத்தான் இருக்கான். திங்கறான், தூங்கறான். போன வாரம் அவனுக்குக் குழந்தை பொறந்துச்சு. கையில குடுத்தோம். வாங்கி, தரையில வச்சிட்டு, பல்லு வெளக்கப் போயிட்டான்.”

வெளியே மணிகள் ஒலித்துக்கொண்டே இருந்தன.

“இது மேல திரும்பாதுல்ல?” அப்பா கேட்டார்.

“போல்ட்டை இறுக்கிட்டா யாராலயும் திருப்ப முடியாது.”

இறுக்கினார்கள். கடைக்காரர் ஒரு சுற்று, அவர் அதற்கு மேல் ஒரு சுற்று.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது அவர் வாசலுக்கு வந்தார். “லைட்டு கீழயேதான் இருக்கணும். யாராவது நின்னா, காலைப் பாத்து ஒதுங்கி வந்துடு. மேல பாக்காத.”

“சரிங்க சாமி. வேற உத்தரவு?” என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். தெருமுனை வரைக்கும் யாரிடமோ கத்திப் பேசிக்கொண்டு போன சத்தம் கேட்டது.

சாயங்காலம் அவர் சமைத்து வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். தெரு இருட்டியது. கால்வாய்ப் பக்கமிருந்து சேற்று வாடை வந்தது. அவள் வர வேண்டிய நேரமும் வந்தது.

தெருமுனையில் வெளிச்சம் திரும்பியது.

தரையோடு தரையாக, முழங்காலுக்கு மேல் ஏறாமல், நேராக வந்தது. விளக்கு இம்மிகூட அசையவில்லை. நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் உள்ளே வந்தாள்.

“வேலை எப்படி?”

“இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். வாயாடி அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். முழங்கால் சிராய்த்திருந்தது. ரத்தம் வழிந்து கணுக்காலில் காய்ந்து, அதற்கு மேல் புதிதாக வழிந்துகொண்டிருந்தது.

“வலிக்கலையா?”

“எது?”

அவர் ஈரத்துணி கொண்டு வந்து துடைத்தார். அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

“லைட்டைத் தூக்குனியா?”

“இல்லப்பா. நீங்க சொன்ன மாதிரி கீழயேதான் இருந்துச்சு.”

“மேல பாத்தியா?”

“முதல்ல பாக்கல. எதிர்ல ஒரு சைக்கிள் வந்து நின்னுச்சு. டயரும் காலும்தான் தெரிஞ்சுது. கால்ல தண்ணி ஓடிட்டிருந்துச்சு. காலைப் பாத்து நானும் ஒதுங்கினேன். ஒதுங்கும்போது கீழ விழுந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அவங்க அவங்களோட லைட்டைக் கழட்டினாங்க.” சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதுபோல் அவள் குரல் சமமாக இருந்தது. “கழட்டி, குனிஞ்சு, அவங்க மூஞ்சிக்கு நேரா பிடிச்சு எனக்குக் காட்டினாங்க.”

துணி அவர் கையில் நின்றது.

“அம்மாதான்ப்பா.”

இப்போது அழ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பெற்ற ஒரே பெண். தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அவர் காத்திருந்து பார்த்தார். வரவில்லை.

“சாப்பிடலாமா?” என்றாள்.

இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் மெல்லும் சத்தம் அதுவரை கேட்டதில்லை. இப்போது நன்றாகக் கேட்டது.

ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் பட்டது.

தெருவில் ஒரு விளக்கு நின்றது. ஆள் முகம் இருக்கும் உயரத்தில் நின்றது.

“வந்திருக்காங்க,” என்றாள் அவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ம்.”

கதவு வெறுமே சாத்தியிருந்தது. எழுந்து போய்த் தாழ் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

விளக்கு நகர்ந்து வாசற்படிக்கு வந்தது. அப்பாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.