சக்டனின் மூச்சு

ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. வட இங்கிலாந்தில், எங்கள் கீத்லியில் அந்த நேரத்துக்கே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்துவிடும். ஸ்பிண்டில் தெருவின் மேட்டில் வேனை நிறுத்தி, கைப்பிரேக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். மழை ஓய்ந்திருந்தது. கரியேறிய கல் சுவர்களில் ஈரம் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

என் பெயர் குவெண்டா ஓலர்ட்டன். இருபத்திரண்டு வருடமாக கேஸ் வேலை. வாடகைக்கு விடுகிற வீடென்றால் வருடத்துக்கு ஒரு தடவை அடுப்பு, பாய்லர், குளிருக்கு அறையைச் சூடாக்கும் கணப்பு எல்லாவற்றையும் என் மாதிரி ஒருத்தர் சோதித்து சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அது. அதற்கு நான் வாங்குவது எண்பது பவுண்டு. பாதிக் காசுக்குப் போடுகிறவர்களும் ஊரில் உண்டு. அவர்கள் வேனை விட்டு இறங்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினேழாம் எண் வாசலில் வீட்டு ஓனர் கிளிஃபர்ட் சக்டன் நின்றிருந்தார். அறுபத்தெட்டு வயது, இந்த ஊரில் பதினொரு வீடு. என்னைப் பார்த்ததும், கேஸ் கம்பெனியில் ஆம்பிளைகள் எல்லாம் லீவா என்று கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சனிக்கிழமை ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு குடிவருகிறாள், சர்டிஃபிகேட் இன்றைக்கே வேண்டும். பாய்லர் புதுசு. முன்னறையில் இருக்கும் கேஸ் கணப்பைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டியதில்லை, பார்த்ததாக எழுதிக்கொடுத்தால் போதும். அறுபது தருகிறேன் என்றார்.

"கழற்றாம எழுத மாட்டேன், மிஸ்டர் சக்டன்."

"உன்னைக் கட்டிக்கிட்டவன் பாவம், கண்ணு. சரி, கழட்டு. நான் போய் டீ போடறேன்."

இதற்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவளை ஊருக்கே தெரியும். பிரையனி ஹோல்ட், முப்பத்தொரு வயது, ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். காலையில் வேலை முடிந்து வந்து, முன்னறைக் கணப்பை ஏற்றிவிட்டு, சோஃபாவிலேயே போர்வைக்குள் சுருண்டுகொள்வாள். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஜனவரியில் அப்படித் தூங்கினவள் எழுந்திருக்கவில்லை. புகைபோக்கிக்குள் காக்கைக் கூடு. வெளியே போக வழியில்லாமல் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் இறங்கியிருந்தது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம். செத்தவர்களின் கன்னம் மட்டும் செர்ரிப் பழம் மாதிரி சிவந்து கிடக்கும்.

விசாரணையில் சக்டன் தப்பித்துக்கொண்டார். அவள் சாவுக்கு மூன்று மாதம் முன்னால், அக்டோபரில் எழுதின சர்டிஃபிகேட் அவர் கையில் இருந்தது: புகைபோக்கி சுத்தம். அதில் கையெழுத்துப் போட்டவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தான். கூடு அதற்குப் பிறகு புயலில் மேலிருந்து சரிந்து விழுந்திருக்கும் என்று முடிவானது. குழாய்ச் சாமான் கடைக் கவுண்டரில் நின்று கேஸ் வேலைக்காரர்கள் நாங்கள் வேறு மாதிரி பேசிக்கொண்டோம். காக்கை கூடு கட்டுவது ஏப்ரலில். அக்டோபரில் உள்ளே எட்டிப் பார்த்தவன் கண்ணில் அது படாமல் போகாது. எட்டிப் பார்க்கவே இல்லை என்பதுதான் எங்கள் எல்லோருடைய கணக்கும்.

முன்னறைக் கதவைத் திறந்தேன்.

கூடத்தில் புதுப் பெயின்ட் வாடை மூக்கை அடைத்துக்கொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டி அறைக்குள் கால் வைத்ததும் அது நின்றுவிட்டது. ஈர வாடை இல்லை, தூசி வாடை இல்லை. என் மேல்சட்டையின் எண்ணெய் வாடைகூட எனக்குத் தெரியவில்லை. சாமான் எதுவும் இல்லாத வெறும் அறை. என் காலடிச் சத்தம் எங்கேயோ அமுங்கிப் போனது.

வேலையைப் பார்த்தேன். கணப்பைக் கழற்றி, புகைபோக்கியின் தொண்டைக்குள் டார்ச் அடித்தேன். சுத்தம். திரும்ப மாட்டி ஏற்றினேன். சுடர் நீலம். கதவு ஜன்னல்களைச் சாத்தி ஐந்து நிமிடம் விட்டு, புகைக்குச்சியைக் கொளுத்திக் கணப்பின் விளிம்பில் பிடித்தேன். அந்தச் சின்ன வெள்ளைப் புகை உள்ளே இழுபட வேண்டும். அறைக்குள் திரும்பினால் ஆபத்து.

புகை அழகாக உள்ளே போனது. நல்ல கணப்பு. எழுதிக்கொடுக்கலாம் என்று நினைத்தபோது கதவு திறந்தது. சக்டன் டீக் கோப்பையோடு வந்தார்.

புகை நின்றது.

பிறகு திரும்பியது. தரையிலிருந்து நெஞ்சுயரத்தில், ஒரு நூல் போல, கலையாமல் அறையைக் கடந்தது.

சக்டனின் முகத்தருகே போய் நின்றது.

அவர் கையை வீசிக் கலைத்தார். கதவைத் திறந்தபடி வந்தால் காற்று அடிக்காதா என்று சிரித்தார். அவரை வெளியே போகச் சொல்லி, கதவைச் சாத்தி, இன்னொரு குச்சியைக் கொளுத்தினேன். புகை ஒழுங்காகப் புகைபோக்கிக்குள் போனது. அவரை உள்ளே கூப்பிட்டேன். புகை திரும்பியது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அப்படியே.

கூடத்துக்குப் போய் கேஸ் வால்வையே அடைத்தேன். கணப்பு அணைந்தது. கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவியை எடுத்து கணப்பருகே பிடித்தேன். பூஜ்யம். புகைபோக்கியில் பூஜ்யம். ஜன்னலருகே, தரையருகே பூஜ்யம். சக்டன் பக்கம் திரும்பினேன்.

ஒன்பது.

நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டேன். வாழ்க்கையில் தொட்டதில்லை என்றார். கருவியின் குழாய் அவர் வாயருகே இருந்தது. எண் ஒன்பதிலேயே நின்றது.

"இங்க ஒருத்தி செத்தாளே, அதனால பயந்துட்டியா? அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? பேப்பர் இருந்துச்சு. எனக்கு எதுவும் தெரியாது."

அறுபது.

டீ நன்றாக இருக்கிறதா என்று அவரைக் கேட்டேன். சர்க்கரை போதவில்லை என்றார். எண் அசையவில்லை. அந்த சர்டிஃபிகேட் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"சொன்னேனே, எனக்குத் தெரியாதுன்னு."

நூற்று எண்பது.

விஷம் அறையில் இல்லை. அவர் மூச்சிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கோப்பை கீழே விழுந்து உடைந்தது. கன்னம் இரண்டும் பொம்மைக்குச் சாயம் பூசிய மாதிரி சிவக்கத் தொடங்கின. அவரை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வெளியே வந்தால் சரியாகிவிடும் என்றுதான் இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லிவந்திருக்கிறேன். மேட்டுத் தெருவில் காற்று தொப்பியைப் பறிக்கிற வேகத்தில் அடித்தது. குழாயை அவர் வாயருகே பிடித்தேன்.

நானூறு. ஐந்நூற்று இருபது.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். சக்டன் வேனின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நாற்பது நிமிடம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"உண்மையைச் சொல்லுங்க," என்றேன்.

"சொன்னா ஜெயில்."

"சொல்லலைன்னா பாருங்க, எண்ணூறு."

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். அப்புறம் வீட்டின் முன்னறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாக்கு தடித்துப்போய், துண்டு துண்டாகச் சொன்னார். பதினொரு வீட்டுக்கும் பாதிக் காசு என்று பேசி, எந்த வீட்டுக்குள்ளும் போகாமல், பப் மேஜையில் வைத்து உட்கார்ந்த இடத்திலேயே எழுதி வாங்கியது. பிரையனி மூன்று தடவை போன் செய்தது. கணப்பு எரிந்தால் தலை வலிக்கிறது, யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டது.

"ராத்திரி வேலை பார்த்தா தலை வலிக்கத்தான் செய்யும், நல்லாத் தூங்குன்னு சொன்னேன்."

எண் இறங்கியது. ஐந்நூறு, நூறு, இருபது, பூஜ்யம். கன்னத்தின் சிவப்பு வடிந்து, பழைய சாம்பல் நிறம் வந்தது. அவர் நீளமாக மூச்சை இழுத்துவிட்டார். நான் அழுதுவிட்டேன் என்பதை மறைப்பானேன்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். என் போனை வாங்கி, தவறுதலாகக் கூப்பிட்டுவிட்டோம், வண்டி வேண்டாம் என்று ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொன்னார். பிறகு சர்டிஃபிகேட்டை எழுதச் சொன்னார். இப்போது சொன்னதைப் போலீஸில் சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன்.

"நான் என்ன சொன்னேன்? தெருவுல யாரு இருந்தா, உன்னைத் தவிர? மூச்சுல விஷம் வந்துச்சுன்னு போய்ச் சொல்லு. உன் லைசென்ஸைப் பிடுங்கிட்டு ஆஸ்பத்திரியில போடுவாங்க." கருவியைத் தன் வாயருகே தானே இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "எனக்கு எதுவும் தெரியாது."

பூஜ்யம்.

அவர் சிரித்தார். வேறு ஆள் வைத்து நாளைக்கே வாங்கிக்கொள்கிறேன், சனிக்கிழமை அந்தப் பெண் குடிவருவாள், நீ பார்த்துக்கொண்டிரு என்றார். விளக்கை அணைக்க வீட்டுக்குள் போனார். கதவு அவர் பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டது.

நான் வேனில் ஏறிச் சாவியைப் போட்டேன். முன்னறை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அவர் தெரிந்தார். விளக்கு ஸ்விட்சை நோக்கி நடந்தவர் பாதியில் நின்றார். கொட்டாவி விட்டார். அணைந்த கணப்பின் முன்னால் மெதுவாக உட்கார்ந்தார். அப்புறம், தூக்கம் தாங்காத பிள்ளை மாதிரி, பக்கவாட்டில் சாய்ந்து முழங்காலைச் சுருட்டிக்கொண்டார்.

தரையிலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்தது.

அவர் காலைத் தொட்டது. இடுப்புக்கு ஏறியது. தோளுக்கு ஏறியது.

யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், அவர் தாடை வரைக்கும் இழுத்துப் போர்த்தினார்கள்.

ஸ்பேனரால் ஜன்னலை உடைத்து உள்ளே குதித்தேன். புகை இல்லை. கேஸ் வால்வு நான் அடைத்தபடியே இருந்தது. கருவி பூஜ்யம் காட்டியது. சக்டனின் கன்னங்கள் செர்ரி நிறத்தில் இருந்தன. கண் திறந்திருந்தது. நல்ல தூக்கம் தூங்கினவர் முகம் இல்லை அது.

ரத்தத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு மூன்று பேரைக் கொல்லப் போதுமானது என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க நிபுணர்கள் ஐந்து நாள் அந்த வீட்டைக் குடைந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. போலீஸில் நான் முழுவதையும் சொன்னேன். எழுதிக்கொண்ட அதிகாரி, புகை என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணும் இரண்டு குழந்தைகளும் வேறு தெருவில் வீடு பிடித்துக்கொண்டார்கள். அது மட்டும் எனக்கு நிம்மதி.

ஏப்ரலில் ஒரு போன் வந்தது. பிரெண்டன் என்றான் ஒருவன். சக்டனின் அக்கா மகன். பதினொரு வீடும் இப்போது அவன் பெயரில். ஸ்பெயினில் கடற்கரைப் பக்கம் இருக்கிறானாம், ஊருக்கு வருகிற எண்ணமில்லையாம். மாமா சாகும்போது நீங்கள்தான் பக்கத்தில் இருந்தீர்களாமே என்று இரண்டு வார்த்தை வருத்தப்பட்டான். பிறகு குரலைத் தழைத்தான்.

"பதினொரு வீட்டுக்கும் சர்டிஃபிகேட் வேணுங்க. உள்ள போய் சிரமப்பட வேண்டாம். உக்காந்த இடத்துல எழுதிக் குடுத்துடுங்க, பாதி ரேட்டுக்கு. மாமா அப்படித்தான் பண்ணுவாரு, எனக்குத் தெரியும்."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், கொஞ்சம் இருங்கள், காலையிலிருந்து ஒரே தலைவலி, மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

"ஜன்னலைத் திறங்க," என்றேன்.

"எல்லாம் திறந்துதான் இருக்கு. கடல் காத்து பிச்சுக்கிட்டுப் போகுது."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவன் பேச்சுக்குப் பின்னால், காற்றுக்குப் பின்னால், இன்னொரு சத்தம் இருந்தது. ஒரு மூச்சு. சீராக, ஆழமாக, ராத்திரி முழுக்க நின்று உழைத்துவிட்டு வந்து விழுந்தவர்களின் மூச்சு.

"உங்க பக்கத்துல தூங்குறது யாரு?"

"யாரும் இல்லையே," என்று கொட்டாவி விட்டான் பிரெண்டன். "நான் தனியாத்தான் இருக்கேன்."

அந்த மூச்சு நின்றது. யாரோ விழித்துக்கொண்டார்கள்.