நான்காவது துளை

கேபிள் செருகாத துளையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளங்கை அகல மின்னணுப் பலகை. அதன் ஓரத்தில் நான்கு துளைகள். ஒவ்வொன்றின் மேலும் கடுகளவு பச்சை விளக்கு. முதல் துளையில் அவளுடைய மடிக்கணினி. இரண்டாவதிலிருந்து கிளம்பும் கேபிள் சுவரைத் துளைத்து வெளியறைக்கு, மீட்டர் அண்ணனின் மேசைக்குப் போகிறது. மூன்றும் நான்கும் காலி. நான்காவது எரிந்தது.

ரேடியோ அலைகள் புகாத சோதனை அறை அது. இரும்புச் சுவர்கள், அவற்றின்மேல் தரையிலிருந்து கூரைவரை கறுப்புப் பஞ்சுக் கூம்புகள். சத்தம் போட்டால் உதட்டைத் தாண்டுவதற்குள் கூம்புகள் உறிஞ்சிக்கொள்ளும். சூடேறிய பலகையின் பிசின் வாடையோடு தன் மூச்சும், காதுக்குள் ரத்தம் ஓடும் இரைச்சலும் மட்டுமே அவளுக்குத் துணை. செல்போன் எடுக்காது. கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து மூன்று வாரமாகிறது. எழுதிப் போட்ட புகார் கிணற்றில் போட்ட கல். வெளியே வர வேண்டுமென்றால் கணினியில் அண்ணனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அவர் வந்து திறப்பார். எந்நேரமும் கையில் மீட்டரோடு திரியும் மனிதர், அதனால் அந்தப் பெயர்.

மூன்றரைக்குப் பள்ளி விடும். நேற்று இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. மகள் அழவில்லை. காலையில் காய் நறுக்கும் கத்தி அம்மாவின் ஆள்காட்டி விரலைக் கீறியபோது, மஞ்சள் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு கேட் கிட்ட நீதான் ஃபர்ஸ்ட்டா நிக்கணும். சரியா?" கணவர் ஊரில் இல்லை. அவளை விட்டால் போக ஆளில்லை. மணி இரண்டே முக்கால்.

அந்தப் பலகை, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சின்ன சுவிட்ச்; அதன் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதியவள் அவள்தான். விவரம் போதாத தபால்காரரைப் போன்ற எளிய சிப் அது. ஒருவருடைய கடிதம் கடைசியாக எந்தத் துளை வழியாக வந்ததோ, அவர் அங்கேதான் குடியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளும். நீ யார் என்று கேட்காது. அதனால்தான் காலித் துளைகளை டிரைவரில் அடைத்து வைப்பார்கள். நாலே வரி. அவள் எழுதவில்லை. "காலி வீட்டுக்கு எதுக்கும்மா பூட்டு" என்று அண்ணனும் சிரித்தார்.

சிப்பின் குறிப்பை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய மடிக்கணினியின் முகவரி அதில் இருந்தது. நான்காவது துளைக்கு நேராக.

'அண்ணே, கதவத் திறங்க, கெளம்பணும்..'

எந்தச் செய்தியின் முடிவிலும் இரண்டு புள்ளி வைப்பது அவள் வழக்கம். பதில் வரவில்லை. ஆனால் பலகை வழியாகக் கடந்துபோகும் எல்லாவற்றையும் தனி ஒயர் வழியே தன் திரையில் வரிவரியாகக் காட்டும்படி அவளே டிரைவரில் எழுதியிருந்தாள். அதில் பதில் தெரிந்தது. நான்காவது துளைக்குள் போயிருந்தது.

'இதோ வரேம்மா.'

நான்காவது துளையிலிருந்து, அவளுடைய முகவரியில் இன்னொன்று:

'வேணாம்ணே, ஒரு பத்து நிமிஷம்..'

இரண்டு புள்ளி.

சோதனைக்காக வெளியறையில் ஒரு கேமராவும் வைத்திருந்தார்கள். திரையின் மூலையில் அதன் படம் உறைந்து நின்றது: நாற்காலியிலிருந்து பாதி எழுந்த அண்ணன். அவள் எதையாவது அனுப்பும்போது மட்டும், சிப் ஒரு நொடி அவளை நம்பியது. ஒரு நொடி படம் நகர்ந்தது. பிறகு உறைந்தது. பார்க்க வேண்டுமானால் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

'அண்ணே, அது நான் இல்ல. நான் உள்ள மாட்டிட்டிருக்கேன்'

படம் நகர்ந்தது. அண்ணன் மறுபடி உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் அவள் புள்ளி வைக்கவில்லை; நான்காவது துளையிலிருந்து வந்த வரியில் இருந்தது:

'பாத்தீங்களாண்ணே, என் டிரைவர் தானாவே மெசேஜ் அனுப்புது. கண்டுக்காதீங்க..'

'நீ எழுதுனதாச்சே. உன்னாட்டம்தான் தொணதொணக்கும்.'

'தொலையட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்..'

அந்தக் கடைசி வரியை அவளும் அப்படித்தான் எழுதியிருப்பாள். அடுப்படியில் பாதி, அலுவலகத்தில் பாதி என்று தன்னைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் மாலைகளில், பேருந்து ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு பலமுறை நினைத்திருக்கிறாள்: எனக்குப் பதிலாக வேறொருத்தி வீட்டுக்குப் போனால் யாருக்காவது தெரியவா போகிறது? அலுப்பில் வரும் நினைப்பு. யாரும் கேட்டிருக்க முடியாத நினைப்பு.

எழுந்து போய்க் கதவை அறைந்தாள். கூம்புகள் சத்தத்தை விழுங்கின. தோளால் இடித்தாள். அசையவில்லை. திரும்பி ஓடிவந்தபோது திரையில் புதிய வரி.

'வெளிய வந்துட்டேன்ணே. பின்னாடி பாருங்க..'

'அண்ணே திரும்பாதீங்க'

படம் நகர்ந்தது. அண்ணன் திரும்பியிருந்தார்.

'அண்ணே'

சிரித்துக்கொண்டிருந்தார். காலியாக இருந்த அவளுடைய நாற்காலி லேசாகச் சுழன்றிருந்தது.

'அண்ணே'

அவர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். வாயசைவு புரிந்தது. பாப்பா காத்திட்டிருக்கும், கெளம்பு.

அந்த நாலு வரியை எழுதினாள். நான்காவது துளையை அடை. எண்ணை இருமுறை சரிபார்த்தாள். நான்கு. நான்குதான். தட்டினாள்.

முதல் துளையின் விளக்கு அணைந்தது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். மறுபடியும். மறுபடியும். விளக்கு வரவில்லை. கடைசிப் படம் திரையில் அப்படியே நின்றது. நாற்காலியில் மாட்டியிருந்த அவளுடைய கைப்பை. அதன் வாரைப் பிடித்திருக்கும் ஒரு கை.

ஆள்காட்டி விரலில் மஞ்சள் பிளாஸ்திரி.

மேலே விளக்குகள் போயின. கடைசி ஆளும் கிளம்பிவிட்டால் அறையின் மின்சாரத்தையே நிறுத்திவிடுவது அண்ணனின் வழக்கம். பலகை செத்தது.

நான்காவது விளக்கு மட்டும் எரிந்தது.

மடிக்கணினியின் மூலையில் மணி மூன்று ஐந்து. நேரத்துக்குப் போய்விடலாம். கேட்டில் முதல் ஆளாக நிற்கலாம். குழந்தை ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும்.

காலையிலிருந்து விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்த விரல் வலிக்கவில்லை. எப்போதிருந்து வலிக்கவில்லை?

கையைத் திரை வெளிச்சத்தில் உயர்த்தினாள்.

பிளாஸ்திரி இல்லை. கீறல் இல்லை. ஐந்து விரல்களின் நுனிகளும் ரேகையில்லாமல், மெழுகுபோல வழவழவென்று இருந்தன.