சாப்பிட்டுவிட்டு வருகிறேன்

நோன்பு மாதம் தொடங்கியதிலிருந்து டாக்டர் கிஸ்லான் அந்தி நேரப் பணியைத் தட்டிக்கழித்தே வந்தாள். காலையில் வருகிறேன், ராத்திரி முழுக்க விழித்திருக்கிறேன், பெருநாளன்றும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சக டாக்டர்களிடம் பேரம் பேசியே நாள்களை ஓட்டிவிட்டாள். இன்று பேரம் படியவில்லை. வர வேண்டியவரின் மனைவிக்குப் பிரசவ வலி.

லராஷ் துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் நிற்கிற பழைய ஆஸ்பத்திரி அது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரப் பிரிவின் தாழ்வாரத்தில் பினாயிலும் மீன் கவிச்சியும் கலந்து வீசின. தாழ்வாரத்தின் கோடியில் இரும்பு பெஞ்சு அதே இடத்தில் கிடந்தது. அதன் பக்கம் திரும்பாமல் அவள் உள்ளே போனாள்.

ஆண் நர்ஸ் வாஹித் மேஜையில் பேரீச்சம்பழமும் அவித்த முட்டையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஹரீரா கஞ்சியின் கொத்தமல்லி வாசம் அறையெல்லாம் நிறைந்திருந்தது.

"வாங்க டாக்டரம்மா. இந்த நேரத்துல உங்களப் பாக்குறதும் பிறையப் பாக்குறதும் ஒண்ணுதான்."

அவள் சிரித்து வைத்தாள். தனக்கு ஊற்றி வைத்திருந்த கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். ஒரு வருஷமாக அவளுக்கு அந்தக் கஞ்சி ஆவதில்லை.

போன நோன்பில் இதே நேரத்தில்தான் ஹம்மாதி வந்தார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் வலை முடைந்தவர். மனநோய் முற்றிப் பல வருஷமாகக் கண்ணுக்குத் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டு திரிந்தார். "அவங்க என் நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்காங்க" என்று முஷ்டியால் மார்பைக் குத்திக்கொண்டே அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வருவார். மனசை அமர்த்தும் ஊசி ஒன்றைப் போட்டு, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவரைக் கண்டாலே ஊசியை எடுத்துவிடும் அளவுக்கு எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அன்றைக்கு அவர் சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"இன்னிக்கு அவங்க இல்ல டாக்டரம்மா. இது வேற வலி. கை மரத்துப்போவுது."

நோன்பு திறக்கும் சைரன் ஊதிக்கொண்டிருந்தது. கிஸ்லானுக்கு நாக்கு வறண்டு, காப்பி இல்லாமல் தலை வெடித்தது. ஈசிஜி மெஷின் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. வேறு யாராவது அப்படி வியர்த்து நின்றிருந்தால் முதலில் அதைத்தான் மாட்டியிருப்பாள். ஹம்மாதிக்கு வழக்கமான ஊசியைப் போட்டாள்.

"அந்த பெஞ்சுல உக்காருங்க. சாப்பிட்டுட்டு வர்றேன்."

யாரோ அவர் கையிலும் ஒரு கிண்ணம் கஞ்சியைக் கொடுத்தார்கள். அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள். தேநீர் குடித்தாள். வாஹித் சொன்ன ஜோக்குக்குக் குலுங்கிச் சிரித்தாள். திரும்பி வந்து பார்த்தபோது ஹம்மாதி உட்கார்ந்தபடியே உயிரை விட்டிருந்தார். மடியில் இருந்த கஞ்சி தொடப்படாமல் ஏடு கட்டியிருந்தது. கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவருடைய அக்கா ரஹ்மா ஓடிவந்தபோது, "ரொம்பத் தாமதமா வந்துட்டார்மா" என்று கிஸ்லான் வாய் கூசாமல் சொன்னாள். ரஹ்மா அவள் தோளில் முத்தமிட்டு, என் தம்பியை மனுஷனாக மதித்தது நீங்கள்தான் என்று நன்றி சொன்னாள். அந்த முத்தம் விழுந்த இடம் இன்னும் சுடுகிறது.

இன்றைய நோன்பு திறக்கும் சைரன் ஊத ஆரம்பித்தது.

தெரு ஒரே மூச்சில் காலியானது. சைரன் ஓய்ந்ததும் ஊரே வாயை மூடிக்கொண்டது போல் இருந்தது.

டொப்.

டொப்.

தாழ்வாரத்திலிருந்து வந்தது. முஷ்டியால் மார்பைக் குத்துகிற சத்தம்.

அவள் வாஹித்தைப் பார்த்தாள். அவர் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அலை சத்தம்தான்" என்றார், அவள் கேட்கும் முன்பே. "தெனமும் இந்த நேரத்துக்கு வரும். சாப்பிடுங்க."

கிஸ்லான் எழுந்து போனாள்.

பெஞ்சின் ஒரு ஓரத்தில் ஒரு பெண் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தூதா. மனநோய்ப் பிரிவுக்கு மாசாமாசம் மருந்து வாங்க வருகிறவள். மறு ஓரம் காலியாக இருந்தது. அவள் கை நெஞ்சில் இல்லை, வயிற்றைப் பிடித்திருந்தது. நெற்றி வியர்த்திருந்தது.

"நம்ம தூதாவா?" என்று வாஹித் உள்ளிருந்து கேட்டார். "ஊசி எடுத்து வெச்சிருக்கேன். போட்டுட்டு வந்து சாப்பிடுங்க."

கிஸ்லான் ஈசிஜி மெஷினை இழுத்துவந்தாள். ஒவ்வொரு வயராக ஒட்டினாள். தாளில் கோடு மேடுகட்டி ஏறியது. மாரடைப்பேதான்.

அதற்குப் பிறகு பயப்பட நேரமில்லை. ஆஸ்பிரினை மெல்லச் சொன்னாள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினாள், டான்ஜியரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொன்னாள். வாஹித் கஞ்சியை விட்டுவிட்டு ஓடிவந்து உதவினார். மெல்ல மெல்லத் தூதாவின் முகத்தில் ரத்தம் ஊறியது.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அவள் கிஸ்லானின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவர் பாவம் டாக்டரம்மா."

"யாரு?"

"பெஞ்சுல என் பக்கத்துல இருந்தாரே. நீ முதல்ல போ, என்னைய இருக்கச் சொல்லியிருக்காங்கன்னாரு."

ஆம்புலன்ஸ் போய்விட்டது. வாஹித் வண்டியோடு போயிருந்தார். தாழ்வாரத்தில் கிஸ்லான் தனியாக நின்றாள். பெஞ்சின் காலியான ஓரத்தில் உப்புத் தண்ணீர் வாடை அடித்தது.

"நீங்க தாமதமா வரல" என்றாள். "நேரத்துக்குத்தான் வந்தீங்க. நான்தான் கவனிக்கல. உங்க அக்காகிட்ட பொய் சொன்னேன். அவங்ககிட்ட உள்ளதச் சொல்லிடுறேன்."

ஒன்றும் அசையவில்லை. வாடை மெல்லக் குறைந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்த மாதிரி இருந்தது. ஒருத்தியைக் காப்பாற்றியாகிவிட்டது, தப்பையும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. உள்ளே வந்து போனில் ரஹ்மாவின் எண்ணை எடுத்தாள். விரல் அதன் மேல் நின்றது.

நோன்பு திறந்து சாப்பிடுகிற நேரத்தில் போய் இதைச் சொல்வதா? பாவம், நாலு வாய் சாப்பிடட்டும். தானும் காலையிலிருந்து பட்டினி. எங்கே ஓடிவிடப்போகிறது, அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை இழுத்தாள். ஆச்சரியமாக, இன்று பசித்தது. முதல் கரண்டியை வாயில் வைத்தாள்.

கஞ்சி சில்லிட்டிருந்தது. ஏடு உதட்டில் ஒட்டியது.

டொப்.

இந்த முறை தாழ்வாரத்தில் இல்லை. நாற்காலிக்குப் பின்னால்.

குரல் காதருகே வந்தது. கோபமே இல்லாத, மரியாதையான, களைத்த குரல்.

"சாப்பிட்டாச்சா, டாக்டரம்மா?"